கன்னத்தில் பாயும் மின்னல்

சாதாரண வலி மாத்திரைகளுக்கு அடங்காத முக நரம்பு வலி, வலிப்பு நோய்க்கான மாத்திரை ஒன்றுக்கு அடங்குகிறது. ஆனால் அந்த மாத்திரையைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் புனேயின் விடியற்காலைக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது உண்டு. இருசக்கர வாகனங்களுக்குப் பெயர்போன ஊர் அது. கண்கள் மட்டும் தெரியும்படி துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் விரையும் பெண்கள் அங்கே அன்றாடக் காட்சி. தூசு, வெயில், பனிக்காற்று எல்லாவற்றுக்கும் அந்தத் துணிதான் கவசம்.

ஒரு சிலருக்கு மட்டும் அது கவசமாக இருப்பதில்லை. துணியை எடுத்தால் குளிர்காற்று கன்னத்தில் படும். துணியைக் கட்டினால் துணியே கன்னத்தில் உரசும். எது பட்டாலும் அடுத்த நொடி தாடையிலிருந்து கன்னம் வரை மின்சாரம் பாய்ந்தது போன்ற வலி. சில வினாடிகள், மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். பிறகு எதுவுமே நடக்காததுபோல நின்றுவிடும். அடுத்தது எப்போது என்பதுதான் தெரியாது.

இந்த நோயின் பெயர் டிரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் உணர்ச்சியைத் தருவது டிரைஜெமினல் எனப்படும் மூன்று கிளை நரம்பு. ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் போகிறது. வலி பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கிளைகளில், ஒரு பக்கத்தில் மட்டும் வருகிறது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் அதிகம். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். பல் தேய்ப்பது, முகம் கழுவுவது, ஒரு வாய் சாப்பாட்டை மெல்லுவது, பேசுவது, சவரம் செய்வது, மூக்குத்தியின் திருகைத் தொடுவது - இதில் எது வேண்டுமானாலும் வலியைத் தூண்டலாம். விசித்திரம் என்னவென்றால், கன்னத்தை அழுத்திப் பிடித்தால் வராத வலி, இறகுபோல லேசாகத் தொட்டால் வந்துவிடுகிறது. தூக்கத்தில் பெரும்பாலும் வருவதில்லை.

இந்தி நடிகர் சல்மான் கான் தனக்கு இந்த நோய் இருப்பதை 2011இல் வெளியே சொல்லி, அமெரிக்கா சென்று சிகிச்சை பெற்றார். அதன் பிறகுதான் இந்தியாவில் பலருக்கு இப்படி ஒரு நோய் இருப்பதே தெரிந்தது. வலியின் கொடுமையைப் பற்றி அவர் பின்னரும் பேட்டிகளில் பேசியிருக்கிறார். ஆனால் பெரும்பாலான நோயாளிகளுக்கு முதல் சிகிச்சை அமெரிக்காவில் இல்லை. தெருமுனை மருந்துக் கடையில், சில ரூபாய் விலையில் இருக்கிறது. அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாமல் போவதுதான் பலருடைய துன்பம் நீள்வதற்குக் காரணம்.

பலியாகும் பற்கள்

முதல் சிக்கல் நோயைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. வலி ஈறிலும் தாடையிலும் தெறிப்பதால் நோயாளி முதலில் போவது பல் டாக்டரிடம். சொத்தை கண்ணில் படாவிட்டாலும் சந்தேகத்தின் பேரில் ஒரு வேர் சிகிச்சை. வலி போகாது. பிறகு ஒரு பல்லைப் பிடுங்குவார்கள். அப்போதும் போகாது. பக்கத்துப் பல்லின் மேல் சந்தேகம் விழும். நல்ல பற்களை வரிசையாக இழந்த பிறகு நரம்பியல் டாக்டரிடம் வருகிறவர்கள் உலகம் முழுவதும் உண்டு.

இது இன்று நேற்று நடக்கும் கதையல்ல. தத்துவவாதியாக உலகம் அறிந்த ஜான் லாக், ஒரு மருத்துவரும்கூட. 1677இல் பாரிஸில் இருந்த இங்கிலாந்துத் தூதரின் மனைவிக்கு வந்த முக வலியை அவர் கடிதங்களில் விவரித்திருக்கிறார். பல்லைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெண்மணிக்கு வலி தொடர்ந்தது. சுமார் மூன்றரை நூற்றாண்டுகள் கழித்தும் அதே தவறு நடக்கிறது.

புனேயில் மருத்துவ வசதிக்குக் குறைவில்லை. 1867இல் திறக்கப்பட்ட சாசூன் அரசு மருத்துவமனை, ராணுவ மருத்துவக் கல்லூரி, ராஸ்தா பேட்டில் முதலியார் ஒருவரின் பெயர் தாங்கிய சாலையில் இருக்கும் கே.இ.எம். மருத்துவமனை என்று பட்டியல் நீளம். ஆனால் நோயாளி சொல்லும் முதல் வாக்கியம் தவறாக அமைந்தால் இவ்வளவு வசதியும் பயன்படாது. ராஸ்தா பேட்டிலும் கட்கியிலும் தேஹு ரோட்டிலும் வசிக்கும் தமிழர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை ஒன்று இருக்கிறது. வலியின் தன்மையை விளக்கும் அளவுக்கு மராத்தியோ இந்தியோ வராதவர்கள், 'தாந்த் மே தர்த்' என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பல்லில் வலி என்றால் பல்லைத்தான் பார்ப்பார்கள்.

சொல்ல வேண்டிய விஷயங்கள் நான்கு. வலி ஷாக் அடித்ததுபோல வருகிறது. சில வினாடிகளில் நின்றுவிடுகிறது. தொட்டாலோ மென்றாலோ காற்று பட்டாலோ வருகிறது. ஒரு பக்கம் மட்டுமே வருகிறது. எந்த மொழியிலாவது இதை எழுதி எடுத்துப் போனால் பல வீண் செலவுகளைத் தவிர்க்கலாம். சொத்தைப் பல்லின் வலி வேறு மாதிரி. அது மணிக்கணக்கில் விண்விண்ணென்று தெறிக்கும். இரவில் தூங்க விடாது.

இந்த நோய்க்கு என்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளியின் விவரிப்பை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்கிறார். பிறகு ஒருமுறை மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பது வழக்கம். நரம்பை ஏதாவது கட்டி அழுத்துகிறதா, நரம்பு உறையைத் தாக்கும் வேறு நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இளம் வயதில் வந்தால், அல்லது முகத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால், இந்த ஸ்கேன் மிக அவசியம்.

வலிக்கு ஏன் வலிப்பு மருந்து?

பெரும்பாலானவர்களுக்கு நோயின் காரணம் எளிமையானது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து நரம்பு புறப்படும் இடத்தில் ஒரு ரத்தக் குழாய் அதன் மேல் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு நாடித் துடிப்பிலும் இடிக்கிறது. வருடக்கணக்கில் இடிபட்டு நரம்பின் மேலுறை தேய்ந்துபோகிறது. உறை உரிந்த மின்கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும். லேசான தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் இழையிலிருந்து வலியைக் கொண்டுபோகும் இழைக்குத் தீப்பொறி தாவுகிறது.

பாராசிட்டமால் போன்ற மாத்திரைகள் இங்கே தோற்பதற்குக் காரணம் இதுதான். அவை வீக்கத்தாலும் காயத்தாலும் வரும் வலியைத் தணிப்பவை. இங்கே வீக்கமும் இல்லை, காயமும் இல்லை. நரம்பின் மின்னோட்டம்தான் தறிகெட்டு ஓடுகிறது. வலிப்பு நோயிலும் மூளையில் நடப்பது கிட்டத்தட்ட அதுவே. எனவேதான் வலிப்பை அடக்கும் மருந்து இந்த வலியையும் அடக்குகிறது.

அந்த மருந்து கார்பமசெபின். ஸ்விட்சர்லாந்தில் கெய்கி நிறுவனத்தின் வேதியியலாளர் வால்டர் ஷிண்ட்லர் 1953இல் உருவாக்கியது. முக நரம்பு வலியில் இது வேலை செய்வதை ஸ்வீடன் டாக்டர் ப்ளோம் 1962இல் அறிவித்தார். அமெரிக்காவில் 1968இல் இதற்கு முதலில் அனுமதி கிடைத்ததும் இந்த முக வலிக்காகத்தான். வலிப்பு நோய்க்கான அனுமதி பின்னால் வந்தது. இந்தியாவில் டெக்ரிடால், மேசடால் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலிலும் இருக்கிறது.

இத்தனை இருந்தும் ஒரு சங்கடம். மருந்துச் சீட்டைப் பார்க்கும் உறவினரோ கடைக்காரரோ "இது வலிப்பு மாத்திரையாச்சே?" என்று கேட்டுவிடுகிறார். காக்காய் வலிப்பு என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இன்னும் இருக்கும் பயம் சாதாரணமானதல்ல. பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டிய வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மாத்திரை அலமாரியின் பின்னால் போய்விடுகிறது. வலி தொடர்கிறது. மருந்து எழுதும் டாக்டர் இரண்டு நிமிடம் செலவழித்து, "உங்களுக்கு வலிப்பு இல்லை, நரம்பின் வேகத்தைக் குறைக்கத்தான் இந்த மருந்து" என்று சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். டாக்டர் சொல்லாவிட்டால் நோயாளி கேட்க வேண்டும்.

மாத்திரையின் போக்கு

கார்பமசெபினைக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும். 100 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை என்று தொடங்குவது வழக்கம். பலருக்கு நாளொன்றுக்கு 400 முதல் 800 மில்லிகிராம் போதுமானதாக இருக்கிறது. 1,200க்கு மேல் போவதில்லை. வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாக ஏற்றுவார்கள். வேலை செய்யும்போது பலன் சீக்கிரமே தெரிந்துவிடும். வாரக்கணக்கில் கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருந்தவர் சில நாட்களில் சப்பாத்தி மெல்லத் தொடங்குவது உண்டு.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வலி நின்ற மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுவது. வலி திரும்பியதும் தலைவலி மாத்திரைபோல இரண்டாகச் சேர்த்து விழுங்குவது. இரண்டும் தவறு. ரத்தத்தில் மருந்தின் அளவு சீராக இருந்தால்தான் நரம்பு அடங்கியிருக்கும். வலி வந்த பிறகு விழுங்கும் மாத்திரை ரத்தத்தில் கலப்பதற்குள் அந்த வலி தானே போய்விட்டிருக்கும். அளவுக்கு மேல் விழுங்கினால் கிடைப்பது தலைசுற்றலும் தள்ளாட்டமும்தான்.

இன்னொரு விஷயத்தை நோயாளிகளிடம் பலர் சொல்வதில்லை. இந்த மருந்து, தன்னையே எரிக்கும்படி கல்லீரலைப் பழக்கிவிடுகிறது. முதல் மூன்று முதல் ஐந்து வாரங்களுக்குள் கல்லீரல் இதை முன்பைவிட வேகமாக வெளியேற்றத் தொடங்குகிறது. முதல் வாரத்தில் வலியை நிறுத்திய அதே அளவு நான்காம் வாரத்தில் போதாமல் போகலாம். "மருந்து கேட்கவில்லை" என்று நோயாளி மனம் தளரும் நேரம் அது. உண்மையில் மருந்து தோற்கவில்லை. அளவைத் திருத்த வேண்டிய நேரம் வந்திருக்கிறது. டாக்டரிடம் திரும்பிப் போக வேண்டும்.

புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். சுவரும் துணியும் ஈரம் பூத்திருக்கும் மாதங்கள். கார்பமசெபின் மாத்திரை ஈரப்பதத்தில் கிடந்தால் அதன் பலன் மூன்றில் ஒரு பங்குவரை குறைந்துவிடக்கூடும். குளியலறை அலமாரி, சமையலறை ஜன்னலோரம் இரண்டும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. மாத்திரையை அட்டையிலேயே விட்டு, மூடிய டப்பாவில், உலர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. கொச்சியிலும் மும்பையிலும் சென்னையிலும் இதே விதிதான். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை நசுக்கவோ மெல்லவோ கூடாது. ஒரு கம்பெனியின் மாத்திரை ஒத்துக்கொண்டால் கடைக்காரர் சொன்னார் என்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றாமல் இருப்பதும் நல்லது.

எச்சரிக்கை மணிகள்

தூக்கக் கலக்கம், தலைசுற்றல், இரட்டையாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம் ஆகியவை அளவு அதிகமானதன் அறிகுறிகள். மருந்து தொடங்கும் நாட்களில் ஸ்கூட்டர் சாவியை வீட்டில் வைத்துவிடுவது புத்திசாலித்தனம். வயதானவர்களுக்கு வேறு ஒரு ஆபத்தும் உண்டு. மருந்து ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் போகச் செய்யும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். பாட்டி திடீரென்று குழப்பமாகப் பேசினால், ஆள் அடையாளம் தடுமாறினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. ஒரு சோடியம் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். ரத்த அணுக்களும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று மருந்து தொடங்கும் முன்பும் பிறகு அவ்வப்போதும் பார்க்க வேண்டும்.

அரிதானாலும் மிகவும் பயப்பட வேண்டியது தோலில் வரும் கடுமையான ஒவ்வாமை. காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, கொப்புளம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வந்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் வந்துவிடும். இந்த அறிகுறிகளில் எது தெரிந்தாலும் அடுத்த மாத்திரையை விழுங்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. ஐரோப்பியர்களிடம் அபூர்வமான இது ஆசியர்களிடம் அதிகம். இந்தியர்களிடம் சராசரியாக 100 பேரில் 2 முதல் 4 பேருக்கு இருப்பதாகக் கணக்கு. சில சமூகங்களில் அதைவிடக் கூடுதல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல், ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைத் தொடங்கும் முன் மரபணுவைச் சோதிக்கும்படி எச்சரித்தது. பெரிய நகரங்களின் ஆய்வகங்களில் இந்தச் சோதனை கிடைக்கிறது. தேவையா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

மற்ற மருந்துகளோடு மோதும் குணமும் இதற்கு உண்டு. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும், காச நோய்க்கான ஐசோனியசிடும் இதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கருத்தடை மாத்திரையின் பலனையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளின் பலனையும் இது குறைத்துவிடும். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும். சளிக்கும் இருமலுக்கும் வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதன் தம்பி போன்ற ஆக்ஸ்கார்பசெபின் உண்டு. மற்ற மருந்துகளோடு மோதல் குறைவு. ஆனால் சோடியத்தை இன்னும் அதிகமாகக் குறைக்கும். பேக்ளோஃபென், லாமோட்ரிஜின், காபபென்டின் ஆகியவற்றைத் துணைக்குச் சேர்ப்பதும் உண்டு.

ஆயுள் தண்டனையா?

இல்லை. இந்த வலிக்கு ஓய்வுக் காலங்கள் உண்டு. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அது காணாமல் போகும். அதனால்தான் குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒரு முறை மருந்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது மருத்துவ விதி. டாக்டரின் மேற்பார்வையில், படிப்படியாக. எந்த நாளில் எத்தனை முறை வலி, எத்தனை மாத்திரை, என்ன தொல்லை என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் நோயாளி குறித்து வந்தால் டாக்டரின் வேலை சுலபமாகும்.

தொடக்கத்தில் நன்றாகக் கேட்ட மருந்து, ஆண்டுகள் போகப் போக சிலருக்குக் கேட்காமல் போகிறது. அல்லது வலியை நிறுத்தத் தேவைப்படும் அளவு ஆளையே படுக்கையில் தள்ளிவிடுகிறது. அப்போது மூன்றாவது, நான்காவது மாத்திரையைச் சேர்த்துக்கொண்டே போவதைவிட அறுவை சிகிச்சை பற்றிக் கேட்பது நல்லது. அமெரிக்க டாக்டர் பீட்டர் ஜனெட்டா 1960களில் செம்மைப்படுத்திய முறையில், காதுக்குப் பின்னால் சிறு துவாரமிட்டு, நரம்பை இடிக்கும் ரத்தக் குழாயை விலக்கி நடுவில் சிறு பஞ்சுத் துண்டு போன்ற ஒன்றை வைத்துவிடுகிறார்கள். ஜனெட்டாவின் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பத்து ஆண்டுகள் கழித்தும் சுமார் 70 சதவீதம் பேர் மருந்தில்லாமல் வலியின்றி இருந்தார்கள். மண்டையைத் திறக்க உடல் தாங்காதவர்களுக்கு ஊசி வழியாக நரம்பைச் சூடாக்குவது, பலூனால் அழுத்துவது, காமா கதிர் செலுத்துவது என்று வேறு வழிகள் உண்டு. இவற்றில் முகம் சற்று மரத்துப்போகலாம். வலி திரும்பவும் வரலாம். ஆனால் அதற்காக ஒதுக்கிவிட வேண்டியவை அல்ல.

வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வெளியே காயமோ வீக்கமோ தெரியாத வலி இது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறவரை, பேச்சைக் குறைத்துக்கொண்டவரை, பாதி முகம் சவரம் செய்யாமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து வீம்பு என்றோ நடிப்பு என்றோ சொல்லிவிடுவது எளிது. நோயாளி மனம் உடைவது வலியால் மட்டுமல்ல, யாரும் நம்பாததாலும்தான். வாழ்க்கையே வேண்டாம் என்ற பேச்சு வந்தால் அதை அலட்சியப்படுத்தாமல் உடனே டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கொடுப்பது, மின்விசிறியை முகத்துக்கு நேராக வைக்காமல் திருப்பிவிடுவது, அடுத்த வேளை மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது - சிகிச்சையில் குடும்பத்தின் பங்கு இவ்வளவுதான். இவ்வளவும் தேவை.